காரில் பிரான்சுக்கு கேம்பிங் போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை விட்டதும் லண்டனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு பிரான்சுக்கு டென்ட் போடப் போகும் நம் குடும்பங்கள் இப்போது நிறைய. பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷமான விடுமுறை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாருடைய கவனமும் டிக்கியில் எதை ஏற்றுவது என்பதிலேயே போய்விடுகிறது. சிக்கல் வருவது அதற்கும் முன்னால், பாஸ்போர்ட்டில்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். பிரான்சுக்குள் நுழையும் நாளில் அது எடுத்து 10 வருடம் முடிந்திருக்கக் கூடாது, ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் எடுத்த பெரியவர்களின் பாஸ்போர்ட் பலவற்றில், பழையதில் மிச்சமிருந்த மாதங்களையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். நுழையும் நாளில் பார்க்கும் அந்த 10 வருடக் கணக்கில் இந்தக் கூடுதல் மாதங்கள் சேராது. அம்மம்மாவிடம் இலங்கை பாஸ்போர்ட் இருந்தால், இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலும் அவருக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதனால் ஜூலையில் போவதற்கு ஜூனில் அப்பாயின்ட்மென்ட் தேடி அலையாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு, நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். வழியில் சாப்பிடக் கோழிப் பிரட்டல், தயிர்ச்சாதம், தேநீருக்கு ஒரு பெரிய கேன் பால், பிள்ளைகளுக்கு நெய் என்று கட்டிக்கொண்டு கிளம்புவோம். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது, வீட்டில் சமைத்ததும் ஒரே ஒரு சிக்கன் சான்ட்விச்சும்கூட இதில் அடக்கம். பிரிக்காத, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத குழந்தைப் பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. மீனுக்கு இந்தத் தடை இல்லை, எனவே மீன் குழம்பும் புளிச்சோறும் தைரியமாகக் கட்டலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு சான்றிதழ் கேட்பார்கள், அதைப் பொடியிலேயே சேர்த்து அரைத்துவிடுங்கள். திரும்பி வரும்போதும் கவனம் தேவை: 2025 ஏப்ரலிலிருந்து பிரெஞ்சுச் சீஸையும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுவர முடியாது.

அரிசி மூட்டை வேண்டாம். பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இறங்கினால் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் அரிசி இருக்கிறது. கூரைப் பெட்டி கிடைத்துவிட்டது என்று பாரமானதை எல்லாம் மேலே ஏற்றுவதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பல கார்களின் கூரை தாங்குவது 75 கிலோவை ஒட்டித்தான், பெட்டியின் எடையும் கம்பிகளின் எடையும் அதற்குள்ளேயே வரும். முழு பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், கிளம்பும் முன் அதைப் பார்த்து அடியுங்கள். டென்டை டிக்கியில் கடைசியாக வையுங்கள், மழையில் போய் இறங்கினால் முதலில் வேண்டியது அதுதான். ஒளிரும் ஜாக்கெட்டை மட்டும் சாமானுக்கு அடியில் புதைக்காதீர்கள். கார் நின்றுவிட்டால் இறங்கும் முன்பே போட வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேம்ப்சைட்டில் கரண்ட் இருக்கிறதென்று வீட்டுக் கெட்டிலைத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. பல இடங்களில் தருவது 6 ஆம்ப்தான், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட். நம் வீட்டுக் கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும், பொத்தானை அமுக்கியதும் கரண்ட் போய்விடும். சுவிட்ச் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால் காலையில் ரிசப்ஷன் திறக்கும்வரை இருட்டுதான். 700 வாட் ரைஸ் குக்கரைத் தாராளமாகப் போடலாம், ஆனால் அது வேகும்போது வேறு எதையும் சேர்த்துப் போடாதீர்கள்.

இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: குளிர்கிறது என்று பார்பிக்யூ அடுப்பை டென்டுக்குள் கொண்டுவராதீர்கள், அணைந்த மாதிரி தெரிந்தாலும் வேண்டாம். சாம்பல் மூடிய கரி பல மணி நேரம் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் அடுப்பும் வெளியில்தான்.

நீச்சல் குளம் இருக்கிற இடமென்றால் ஆண்பிள்ளைகளுக்கு உடலோடு ஒட்டிய நீச்சல் உடை வாங்கிக்கொள்ளுங்கள். தொளதொள ஷார்ட்ஸையும் டி-ஷர்ட்டையும் அங்கே பல குளங்களில் அனுமதிப்பதில்லை.

நார்மண்டி பக்கம் போனால் ஏ13 நெடுஞ்சாலையில் கட்டணச் சாவடியே இருக்காது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். இலவசம் என்று நினைத்து விட்டுவிட்டால் அபராதம் வரும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், காரோட்டிய களைப்பில் மறந்துபோகும், அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் அன்று இரவே கட்டிவிடுவது நல்லது.