மறதிக்கு எடுத்த ஸ்கேன்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பெரியம்மா. தன் நிரையில் எந்த மரம் பால் தராது என்பதை இன்றும் சொல்வார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் விழிப்பார். "பழசெல்லாம் நினைவிருக்கிறதே, இது வயதுதான்" என்று சொல்லியே இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். முதல் தவறு அதுதான். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, இருபுறமும் கடல்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸ்தான் புதிய நிகழ்வுகளை மூளையில் பதிய வைக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் அதை ஒட்டிய பகுதியில் தொடங்கி அதற்குள் பரவுகிறது. அதனால் இன்றைய சாப்பாடு மறந்துபோகும். அன்றைய நிரை நிற்கும்.

பிறகு ஈப்போவில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். "ஹிப்போகேம்பஸ் சுருங்கியுள்ளது" என்ற ஒரு வரியைப் படித்ததும் அண்ணன் கார் நிறுத்துமிடத்திலேயே அழுதுவிட்டார். அந்த வரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயில்லாத முதுமையிலும் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு சுருங்கும். அல்சைமரில் 4, 5 விழுக்காடு வரை போகும். ஒரே படம் அளவைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. மருத்துவர்கள் இச்சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறார்கள்; எண் கூடினால் சுருக்கம் அதிகம். 60 வயதில் கவலை தரும் 2, 80 வயதில் இயல்பாகவும் இருக்கலாம். வலிப்பு நோய், நீண்டகால மனச்சோர்வு போன்றவற்றிலும் இப்பகுதி சுருங்குவதுண்டு.

ஆகவே பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். பெரியம்மா முன்பு மயங்கி விழுந்தபோது எடுத்த படம், லயத்து வீட்டைக் காலி செய்த நாளில் குப்பையோடு போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவரிடம் எதுவும் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

படம் நன்றாக இருந்தால் நோயில்லை என்று நிம்மதி அடைவதும் தவறு. மூளையில் கெட்ட புரதம் சேர்வது சுருக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாது. அதற்கான பெட் ஸ்கேன் வேறு. பி12 குறைவு, தைராய்டு குறைவு போன்றவையும் மறதியைத் தரும், மருந்தில் சீராகவும் கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது கூடவே வாழ்பவர் போக வேண்டும். நாங்கள் முதலில் கோலாலம்பூரில் இருக்கும் மகனை அனுப்பினோம். அடுத்த முறை பெரியம்மாவுடன் இருக்கும் மருமகள் போனார். அடுப்பை அணைக்க மறந்த நாள், கோயிலிலிருந்து வரும்போது வழி தப்பிய நாள் என நாட்காட்டித் தாள்களின் பின்புறம் குறித்து வைத்திருந்தார். மருத்துவர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.