ராமநாதபுரம் கடலோரம் சைக்கிளில் ஒரு நாள்: செய்யக் கூடாத தப்புகள்

ராமநாதபுரத்தைச் சுற்றி மேடு கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் என்றால் அது பாலத்தின் மேல்தான். அதை நம்பி, ஒரு நாளில் 80 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள் பிற்பகலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். தூரத்தைப் பார்த்தவர்கள் காற்றைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இந்தக் கரையில் காற்றுதான் மேடு.

அதற்கு மாதக் கணக்கு உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வாடை. ஆடி மாதத்தில் வடக்கே தேவிபட்டினம் பக்கம் கிளம்பினால் காற்று முதுகைத் தள்ளும், மிதிக்காமலே ஓடுகிற மாதிரி இருக்கும். நம் கால் பலம் என்று நினைத்துக்கொண்டு உப்பூர் வரை நீட்டிவிடுவோம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பகல் ஏற ஏறக் கடற்காற்றும் கூடிக்கொள்ளும். அதனால் என் வழக்கம் இது: ஆடியில் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி என்று தெற்கே போவேன், மார்கழியில் தேவிபட்டினம் பக்கம் வடக்கே. காலையில் காற்று தணிவாக இருக்கும்போதே அதை எதிர்த்துப் போய்விட்டால், களைத்த பிறகு அதுவே வீட்டில் கொண்டுவந்து விடும்.

அடுத்தது கால்வாய்க் கரை. மேப்பில் பச்சைக்கு நடுவே அழகான ஒற்றைக் கோடாகத் தெரியும். வைகைத் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் பெரிய கண்மாய்ப் பக்கம் அப்படிப்பட்ட கரைகள் நிறைய. நிழலும் உண்டு, லாரித் தொந்தரவு இல்லை. ஆனால் அந்த நிழல் பெரும்பாலும் சீமைக் கருவேல நிழல். கரிமூட்டத்துக்கு வெட்டிய கிளைகளைக் கரை வழியாகத்தான் இழுத்துப் போவார்கள். இழுத்த தடத்தில் முள் உதிர்ந்து கிடக்கும். மண் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

ஒருமுறை பின் டயரில் விரல் நீள முள் ஏறியது. பிடுங்கி எறிந்தேன், டியூபில் ஒட்டுப் போட்டேன், காற்றடித்தேன். அரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிட்டது. இன்னொரு ஒட்டு, இன்னொரு அரைக் கிலோமீட்டர். கடைசியில் தார் ரோடு வரை தள்ளிப் போனேன். பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. டயரின் உள்பக்கம் பழைய பனியன் துணியை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி இழுபட்டது. குறடால் இழுத்துக் காட்டினார், கால் அங்குலம் கூட இல்லாத கறுத்த முனை. “தம்பி, முள்ளப் புடுங்கிட்டீக, முனையப் புடுங்கலையே” என்றார். இப்போது ஒட்டுக்கு முன்னால் துணியைத்தான் எடுக்கிறேன். இன்னொன்றும் அவர் சொன்னதுதான்: காற்று மெதுவாக இறங்கினால் முள்ளை உடனே பிடுங்க வேண்டாம். ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும், நிழலுக்கோ கடைக்கோ போய்ச் சேரலாம்.

மழை பெய்த மறுநாள் கரையில் ஏறவே கூடாது. களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஊரை ஒட்டிய சக்கரக்கோட்டை கண்மாய் பறவைகள் சரணாலயம், 2025 பிப்ரவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். வேறு இடத்திலும் வேண்டாம் என்பது என் கட்சி.

தண்ணீர் விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். “எந்த வீட்டிலும் கேட்டால் கொடுப்பார்கள்” என்று ஒரே ஒரு பாட்டிலோடு வருவது. கொடுப்பார்கள், அது நிஜம். ஆனால் பல ஊர்களில் அடிகுழாய்த் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் என்பது குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை ஒரு பெண் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் இரண்டு லிட்டரை நாம் வாங்கிக்கொள்வது சரியில்லை. ஆளுக்கு மூன்று லிட்டராவது கொண்டுபோங்கள். சித்திரை வைகாசியில் வழியில் நுங்கு கிடைக்கும், அது வேறு சந்தோஷம்.

நாள் பார்க்காமல் கிளம்புவதும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசையன்று சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகை நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு கீழக்கரையில் சாப்பிட உட்காருங்கள். திருப்புல்லாணிப் பெருமாளைப் பார்க்க வேண்டுமென்றால் உச்சிக்கு நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எப்படியும் மிதிக்க முடியாது, எங்காவது நிழலில் படுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, சேதுக்கரையில் அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கிறதே என்று சைக்கிளை இறக்கிவிடாதீர்கள். நான் இறக்கியிருக்கிறேன். படம் நன்றாக வந்தது. வீட்டுக்கு வந்து களைப்பில் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டேன். மறுவாரம் எடுத்தபோது செயின் செம்பழுப்பாகி, வளைந்த இடத்தில் விறைத்து நின்றது. இப்போதெல்லாம் ஒரு வாளி நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் நான் குளிக்கப் போகிறேன்.