குளம் முதலில், கோயில் பிறகு: திருக்கேதீச்சரம் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக் குசினி அலுமாரிக்கு மேலே ஒரு பித்தளைக் குடம் கவிழ்ந்து கிடக்கும். வருடம் முழுக்க அதை யாரும் தொடுவதில்லை. மாசி பிறந்ததும் இறக்கி, பழப்புளி போட்டுத் தேய்த்து, முற்றத்தில் காய வைப்பேன். அதைக் கண்டாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும், மன்னார்ப் பக்கம் இருக்கும் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகப் போகிறோம் என்று.

வவுனியாவில் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது "அக்கா, கேதீச்சரம் எப்படிப் போறது?" என்று கேட்டால், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு "குடம் இருக்கா?" என்றுதான் கேட்பேன். சிரிப்பார்கள். எங்கள் பக்கத்துச் சிவன் கோயில்களில் குருக்கள் அபிஷேகம் செய்வார், நாங்கள் தள்ளி நின்று கும்பிடுவோம். திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியன்று அப்படியில்லை. கோயில் குளமான பாலாவித் தீர்த்தத்தில் முழுகி, அந்த ஈரத்தோடு குடத்தில் நீர் மொண்டு போய், மகாலிங்கப் பெருமானுக்கு நாங்களே எங்கள் கையால் வார்க்கலாம். இது தெரியாமல் பலர் நேரே கோயில் வாசலுக்குப் போய் அர்ச்சனையை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் குளத்தைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். குளம் முதலில்.

போகும் வழியில் பெரிய சிக்கல் இல்லை. வவுனியாவிலிருந்து மன்னார் பஸ், ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பறையனாலங்குளம், மடுச் சந்தி, முருங்கன் என்று போகும். மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமே, தள்ளாடியில், பூநகரிக்குப் போகும் வீதி பிரிகிறது. கோயில் அந்தப் பக்கம், மாந்தையில். கிளிநொச்சி, பூநகரியிலிருந்து வருகிறவர்கள் வெள்ளாங்குளம், விடத்தல்தீவு வழியாக அதே வீதியில் வந்து சேரலாம். பிள்ளைகுட்டியோடு என்றால் மன்னார் நகரத்துக்கே போய் ஓட்டோ பிடிப்பது சுகம், பத்துக் கிலோமீற்றர் அளவுதான். காசைப் பேசிவிட்டு ஏறுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தலைமன்னார் ரயில் இருக்கிறது, திருக்கேதீச்சரம் என்றே ஒரு தரிப்பிடம் உண்டு. 1990இல் நின்றுபோன பாதை அது. தலைமன்னார் வரைக்கும் மறுபடி ரயில் போனது 2015இல்தான்.

எப்போது போவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் பெருந்திருவிழா நல்ல வடிவுதான், ஆனால் மன்னார் வெயில் அப்போது மண்டையைப் பிளக்கும். ஆடி, ஆவணியில் வன்னிக் குளங்களுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். மாரி மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, காற்றில் இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருக்கும் மாசிதான் பாலாவிக்கு ஏற்ற காலம். ஆனால் முதன்முறை போகிறவர்கள் சிவராத்திரிக் கூட்டத்துக்குள் போய் விழ வேண்டாம். அதற்கு முன்பு ஒரு திங்கட்கிழமை வெள்ளெனப் போய் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் தண்ணீர் வார்க்க விரும்பினால், எடுக்குமுன் கோயிலில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

சரி, குடம். ஐந்து லீற்றருக்கு மேல் பிடிக்கிற குடம் வேண்டாம். கடையில் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரோடு கூட்டத்தில் அரை மணித்தியாலம் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தால் தெரியும் அதன் அழகு. என் மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர் ஒரு செம்புதான் கொண்டு வருவார். பிள்ளைகளுக்குச் சில்வர்ச் செம்பு, அதுவும் சின்னது. யாருடைய குடம் பெரிது என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை, என் நாத்தனாரைத் தவிர.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. முழுகிய பிறகு அதே ஈர உடுப்போடுதான் நடப்பீர்கள். பட்டும் வேண்டாம், வெளிறிய நிறமும் வேண்டாம். கடும் நிறத்தில் பழைய நூல் சேலை நல்லது. பஞ்சாபி என்றால் சால்வையை இரண்டு ஊசி போட்டுக் குத்திவிடுங்கள், குடத்தைப் பிடித்த கையால் சால்வையைப் பிடிக்க முடியாது. மாற்றுடுப்பையும் துவாயையும் பொலித்தீன் பையில் கட்டி, முழுகாத ஒருவரைக் கரையில் காவல் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை இவருக்கு. ஆண்களுக்கு வேட்டி போதும், கோயிலுக்குள் போகும்போது சேட்டைக் கழற்றத்தான் வேண்டும். நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சிவராத்திரி இரவில் என் தங்கையின் சங்கிலி போன இடம் இன்றுவரைக்கும் தெரியாது.

இனிக் குளத்துக்கு வருவோம். படியில் இறங்கும்போது பார்வை தண்ணீரில் இருக்கக் கூடாது, காலில் இருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தெரிகிற படி வழுக்காது. தண்ணீருக்குள் இருக்கும் முதலாவது படிதான் வழுக்கும், பாசி அங்கேதான் பிடிக்கும். குதிக்காலை ஊன்றாமல் விரல்களை முதலில் ஊன்றுங்கள். குடத்தை ஒரு படி மேலே வைத்துவிட்டு முழுகுங்கள். சோப்பு, ஷாம்பு ஒன்றும் வேண்டாம், அதே தண்ணீரைத்தான் சுவாமிக்கு எடுக்கப் போகிறீர்கள். முழுகிய இடத்திலேயே மொள்ளாமல் நாலடி தள்ளி, கலங்காத இடத்தில் எடுங்கள். குடத்தைச் சரித்து, வாயை முழுதும் அமிழ்த்தாமல், பக்கவாட்டில் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அப்போதுதான் அடியில் கிடக்கும் மண் ஏறாது.

கழுத்துவரை நிரப்பாதீர்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். 1990க்குப் பிறகு நெடுங்காலம் எங்கள் சனங்கள் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்தது. யுத்த நிறுத்தம் வந்து, 2003இல்தான் நான் முதன்முதலாகப் பாலாவியைக் கண்டேன். அந்த ஆசையில் குடத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டேன். பத்தடி நடப்பதற்குள் பாதி, முன்னால் போன ஒரு அம்மாவின் முதுகில். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை, சிவனுக்கு முந்தி எனக்கோ?" என்றார். பக்கத்தில் வந்த அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு பிடி வில்வமிலையை எடுத்து, மிச்சத் தண்ணீரின் மேல் பரவிவிட்டார். இலை மிதந்தால் தண்ணீர் தளும்பாது. தூரத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய ஆட்களுக்கு இது தெரிந்த வித்தைதான். முக்கால் குடம் தண்ணீர், மேலே இலை, அவ்வளவுதான். வில்வம் கிடைக்காவிட்டால் மாவிலையும் போடலாம்.

வரிசை நீண்டிருந்தால் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். நான் அந்த நேரத்தில் ஊரின் கதையைச் சொல்வேன். கேது வழிபட்டதால் கேதீச்சரம். பழைய பெயர் மாதோட்டம், கப்பல் வந்து போன துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் மாந்தையில் தோண்டியபோது சீனாவிலிருந்தும் பாரசீகப் பக்கமிருந்தும் வந்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன என்று சொன்னால் என் மூத்தவன் வாயைப் பிளப்பான். சம்பந்தரும் சுந்தரரும் இந்தத் தலத்தைப் பாடினார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இராமேச்சரத்தில் நின்றபடியே பாடினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் பாட்டுக்குப் பாட்டு "பாலாவியின் கரைமேல்" என்று வைத்துக்கொண்டே போவார். அதில் ஓரிடத்தில் "பரிய திரை எறியா வரு பாலாவி" என்று வரும். பெரிய அலை அடிக்கும் பாலாவி. சின்னவன் குளத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கேயம்மா அலை?" என்றான். நானும் பார்த்தேன். ஒரு கொக்கு நின்றது.

மிச்சக் கதை கொஞ்சம் கனமானது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள்தான் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பிறகு முந்நூறு வருடமாகக் காடு. 1872இல் ஆறுமுக நாவலர், கோயிலை மீட்டுக் கட்ட வேண்டுமென்று சைவர்களுக்கு வேண்டுகோள் விட்டார். அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1893இல் நிலத்தை ஏலத்தில் வாங்கினார்கள். அடுத்த வருடம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. இப்போது நீங்கள் பார்க்கும் கருங்கல் வேலை இந்திய அரசின் உதவியோடு நடந்தது, குடமுழுக்கு 2022 ஜூலையில். கல் வேலை நல்ல கம்பீரம். ஆனால் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு கல்லில் நிற்பது வேறு விசயம், ஆகவே காலை பத்து மணிக்கு முன்பு வெளிவீதி சுற்றி முடித்துவிடுங்கள்.

மகாலிங்கத்துக்கு முன்னால் வந்ததும் அவசரப்படாதீர்கள், ஆனால் நின்றுகொண்டு முழு நேர்த்தியையும் சொல்லவும் வேண்டாம். வேண்டுதலை வரிசையிலேயே சொல்லி முடியுங்கள், பின்னால் நூறு பேர் குடத்தோடு நிற்கிறார்கள். வார்க்கும்போது ஒரு கை குடத்தின் கழுத்தில், மற்றக் கை அடியில். கொட்டக் கூடாது, ஒழுக விட வேண்டும். வெயிலில் வந்த கைக்கு அந்தத் தண்ணீர் கல்லில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் குளிர் ஒன்று இருக்கிறது. மாமி கண்ணை மூடிக்கொள்வார். செம்பு வெறுமையான பிறகும் சாய்த்தபடியே நிற்பார், நான்தான் கையைப் பிடித்து நகர்த்த வேண்டும்.

பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போய்க் கேதீச்சரநாதரையும் கௌரி அம்பாளையும் கும்பிடுங்கள். தலவிருட்சம் வன்னி. "நாங்களும் வன்னி, மரமும் வன்னி" என்று அப்பா வருடா வருடம் அதே பகிடியைச் சொல்வார், நாங்களும் வருடா வருடம் சிரிப்போம். உள்ளே போனைப் பைக்குள் வையுங்கள்.

சிவராத்திரி இரவு தங்குவதென்றால் பின்னேரமே ஒரு பாயைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். நாலு சாமப் பூசையும் பார்ப்பது என்பது கேட்கச் சுலபம். இரண்டாம் சாமம் முடிந்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, இவரும் குறட்டைதான். ஆளுக்கொரு போர்வை, நுளம்புக்குப் பூசுகிற மருந்து, பிள்ளைகளின் உடுப்புப் பைக்குள் போன் நம்பர் எழுதிய துண்டு. மலசலகூடத்துக்குத் தேவை வருமுன்பே போய் வரிசையில் நில்லுங்கள். விரதம் இல்லாதவர்களுக்கு கச்சான் கடைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் குறைவில்லை.

திரும்பும்போது வெறுங்குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். பிழிந்த ஈர உடுப்பைப் பொலித்தீனில் சுற்றிக் குடத்துக்குள் திணித்துவிட்டால் இரண்டும் ஒரு சுமை. வீட்டுச் சாமி அறைக்குப் பாலாவித் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்து வந்தால், பஸ்ஸில் ஏறுமுன் மூடியை இன்னொரு முறை திருகிப் பாருங்கள். போன வருடம் பறையனாலங்குளம் தாண்டும்போது பாதிப் பாலாவி என் மடியில் இருந்தது.