சிப்போலினியைப் பார்க்க வேண்டுமா? முதலில் அவருக்கு முன்னால் போகிறவர்களைப் பாருங்கள்

கடைசி நொடிப் பாய்ச்சலுக்குப் பேர் போன இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் மரியோ சிப்போலினியின் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினால் நம்ம தண்டையார்பேட்டைப் பசங்க கேட்பது ஒன்றுதான்: "கடைசி இருநூறு மீட்டர்தானே மிதிச்சாரு, இதுக்கு இவ்ளோ பில்டப்பா?" பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டால் அப்படித்தான் தோன்றும்.

அதனால் வீடியோவுக்கு முன்னால் ஒரு பாடம். போன மாதம் சாயங்காலம் எண்ணூரிலிருந்து காசிமேட்டுக்கு சைக்கிளில் வந்தேன், கடல்காற்று மூஞ்சியிலேயே அறைந்தது, அப்போது மோட்டார் வைத்த ஒரு மீன்பாடி வண்டி முந்திப் போக, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டேன். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது, நாற்றம் வேறு, ஆனால் காலில் பாரமே இல்லை. பக்கத்தில் ஒரு முழம் விலகினேன், மறுபடி அதே காற்று. (கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இதைச் செய்யாதீர்கள், அவர் பிரேக் போட்டால் கதை முடிந்தது.)

சரி, இப்போது தொண்ணூறுகளின் கடைசியில் சயேகோ அணிக்காக அவர் ஓட்டிய ஏதாவது ஒரு ஃபினிஷை எடுங்கள். ஒரு கிலோமீட்டர் பாக்கி என்பதைக் காட்டும் சிவப்பு முக்கோணக் கொடி வரும் இடத்தில் நிறுத்தி, சிவப்புச் சட்டைகளை எண்ணுங்கள். ஒவ்வொருவராக மூச்சு முட்ட மிதித்து, எதிர்காற்றைத் தாங்கிவிட்டு ஓரமாக ஒதுங்குவார்கள்; அதுதான் அந்தப் பிரபலமான 'சிவப்பு ரயில்'. கடைசி ஆள், பெரும்பாலும் ஃபான்யீனி, விலகும் நொடியை விடாதீர்கள். அதுவரை சிப்போலினி மீன்பாடி வண்டிக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

இப்படி வந்தவைதான் 1999 டூர் டி ஃபிரான்ஸில் தொடர்ந்து 4 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) வெற்றிகள். அதில் புளுவாவில் முடிந்த ஸ்டேஜின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். இத்தாலியைச் சுற்றும் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவில் மொத்தம் 42 ஸ்டேஜ் வெற்றிகள், 2003இல் ஆல்ஃபிரெடோ பிண்டாவின் பழைய சாதனையையே உடைத்தார். ஆனால் மலை வந்தால் ஆள் காணாமல் போய்விடுவார், டூரை ஒரு தடவைகூட முழுசாக முடித்ததில்லை. அதற்காக இத்தாலிக்காரர்கள் அவரைக் குறைவாகக் கொண்டாடினார்களா என்ன? வரிக்குதிரை உடை, ஜூலியஸ் சீசர் வேஷம், சட்டை விதியை மீறி அபராதம், சிங்க ராஜா என்ற பட்டம் என்று மனுஷன் பந்தயம் இல்லாத நாளிலும் பேச வைத்தார். எனக்கு அந்த அலட்டல் பிடிக்கும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

அப்புறம் கடைசியாக, 2002 உலகச் சாம்பியன்ஷிப், பெல்ஜியத்தின் சோல்டர். அங்கே நாட்டு அணிக்காக ஓட்டுவார்கள், அதனால் அன்றைக்கு ரயில் நீல நிறம். இத்தாலி அணியே அவருக்காக ஓடியது, அவர் ஜெயித்தார், மெக்யூவன் இரண்டாவது, ஸாபெல் மூன்றாவது. ஒரு தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை போன் திரையில் சிப்போலினியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, முன்னால் போகும் அணித் தோழர் லோம்பார்டியை மட்டும் பாருங்கள்.