கேப்டவுன் நிறவெறி வரலாறு டூர்: புதுசா குரூப் கூட்டிட்டு வர்றவங்க பண்ற சொதப்பல்

இந்த சீசன்ல தமிழ் குரூப்போட கேப்டவுன் வந்த புது டூர் மேனேஜருங்க சில பேர பாத்தேன். நாங்கல்லாம் ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்த அப்படியே அடிக்கறாங்க, அதான் எழுதலாம்னு. தண்ணி பாட்டில், நல்ல ஷூ, ரோட்ல செல்போன கைல புடிச்சுட்டு நடக்காதீங்க, காத்துல தொப்பி பறக்கும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். இன்னொன்னு, இங்க ரிஜிஸ்டர் பண்ண கைடுதான் கைடு வேலை பாக்கணும்னு சட்டமே இருக்கு. நீங்க தமிழ்ல எடுத்து சொல்ற ஆளு, அந்த அளவோட நின்னுக்குங்க.

கதைய 1948-ல ஆரம்பிக்கிறது

வெள்ளையரோட நேஷனல் பார்ட்டி எலக்‌ஷன்ல ஜெயிச்சு நிறவெறிய சட்டமாக்க ஆரம்பிச்சது 1948-ல, சரி. ஆனா டவுன் நடுவுல ஸ்லேவ் லாட்ஜ்னு ஒரு பில்டிங் நிக்குதே, 1679-ல டச்சு கம்பெனி அடிமைங்கள அடைச்சு வைக்க கட்டினது, அத தாண்டி போய்ட்டு 1948-னு ஆரம்பிச்சா எப்படி? அங்க இருந்தவங்கள்ல வங்காளம், மலபார், நம்ம சோழமண்டலக் கரைல இருந்தெல்லாம் கப்பல்ல கொண்டு வந்தவங்க உண்டு. இத சொன்னதும் பின்னாடி வாட்ஸ்அப் பாத்துட்டு இருக்கறவரு கூட நிமிந்து பாப்பாரு. அதேமாதிரி 1901-ல பிளேக் வந்தப்ப அத சாக்கா வச்சு டவுன்ல இருந்த கறுப்பின மக்கள ஊருக்கு வெளிய ஒரு கேம்புக்கு தள்ளினாங்க, அப்ப ஆட்சி பிரிட்டிஷ்காரனோடது. யாராவது கண்டிப்பா "காந்திய ரயில்ல இருந்து தள்ளிவிட்டாங்களே, அது இங்கதானே"ன்னு கேப்பாங்க. அது 1893, பீட்டர்மாரிட்ஸ்பர்க், இங்கருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஆமாம்னு தலையாட்டி வைக்காதீங்க.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ பஸ் ஜன்னல்ல காட்டிட்டு போறது

இதுல எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல. ஒரு நாள் ரெண்டு குரூப்ப ஒரே பஸ்ல போட்டிருந்தாங்க, மைக் ஒரு புது பையன் கைல. மலை அடிவாரம், கீழ துறைமுகம் தெரியுது, டவுன்ல இருந்து நடக்கற தூரம், அப்படிப்பட்ட இடத்துல ஏக்கர் கணக்கா புல்லு மொளச்சு கிடக்கு. பையன் "இதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், முன்னாடி வீடுங்க இருந்துச்சு, இடிச்சுட்டாங்க, இப்ப பாக்க ஒண்ணும் இல்ல"ன்னுட்டு கலர் வீடுங்க இருக்கற போ-காப் ஏரியா பக்கம் வண்டிய விட சொல்லிட்டான். பின் சீட்ல ஒரு அம்மா, "ஏம்ப்பா, இவ்ளோ நல்ல எடத்த ஏன் சும்மா போட்டு வச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு பூரா வந்ததுலயே உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். இவன் "கவர்மென்ட் லேண்ட்மா"ங்கறான்!

அந்த அம்மாவுக்கு சொல்லிருக்க வேண்டியது இதான். 1950-ல குரூப் ஏரியாஸ் சட்டம் வந்துச்சு, எந்த இனத்துக்காரன் எந்த ஏரியால குடியிருக்கலாம்னு கவர்மென்ட்டே கோடு போட்டு பிரிக்கும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்ல கலர்டு (கலப்பினம்னு கவர்மென்ட் பதிஞ்ச) மக்கள்தான் அதிகம், ஆனா யூதர், இந்தியர், ஆப்பிரிக்கர்னு எல்லாரும் கலந்து கிடந்த ஊரு, ஹானோவர் ஸ்ட்ரீட்தான் கடைவீதி. 1966 பிப்ரவரி 11-ம் தேதி இது வெள்ளையர் ஏரியான்னு அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 60,000 பேருக்கு மேல கிளப்பி கேப் ஃப்ளாட்ஸ் மணல்காட்டுக்கு அனுப்பினாங்க, மிட்செல்ஸ் ப்ளெயின், மனென்பர்க், ஹானோவர் பார்க்னு. இந்தியருக்கு ரைலண்ட்ஸ். புல்டோசர் சர்ச்சையும் மசூதியையும் விட்டுட்டு மத்தத எல்லாம் தரமட்டமாக்குச்சு. சரி இடிச்சாச்சு, வெள்ளைக்காரங்களுக்கு வீடு கட்ட வேண்டியதுதானே? அங்கதான் மாட்டிக்கிட்டாங்க, ஊர்ல எதிர்ப்பு, "ஹேண்ட்ஸ் ஆஃப் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்"னு போராட்டம், பெரிய கம்பெனிங்க அந்த மண்ணுல கை வைக்க யோசிச்சாங்க, கவர்மென்ட் டெக்னிக்கான்னு ஒரு தொழில்நுட்ப காலேஜ கட்டினதோட பெரும்பகுதி அப்படியே நின்னு போச்சு. நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு போற அந்த புல்லுதான் டூர்லயே முக்கியமான ஸ்டாப்.

அதனால ஆர்டர மாத்துங்க. மொதல்ல பைட்டன்காண்ட் ஸ்ட்ரீட்ல இருக்கற டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம், பழைய மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குள்ள இருக்கு. முன்ன அங்க குடியிருந்தவங்களே சுத்தி காட்டுவாங்க, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். தரை பூரா பெரிய தெரு மேப் வரஞ்சு வச்சிருக்காங்க, இது எங்க வீடு, இது எங்க மாமா கடைன்னு ஜனங்க அவங்கவங்க கையெழுத்துலயே எழுதிருக்காங்க, மேல பழைய தெரு போர்டுங்க வரிசையா தொங்கும். ஒரு தடவ ஒரு பாட்டி குனிஞ்சு விரலால தெருவ தேடிட்டு இருக்க, பேத்தி போன் டார்ச்ச அடிச்சு காட்டுது, நம்மாளு ஒருத்தர் சான்ஸ் கெடச்சுதுன்னு கேமராவ தூக்கிட்டார். கைய புடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதா போச்சு, இத உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மியூசியத்துல இருந்து சிட்டி ஹாலுக்கு நடந்தே போயிடலாம், மண்டேலா ரிலீஸான அன்னிக்கு பேசின பால்கனி. அந்த தேதியும் பிப்ரவரி 11தான், 1990. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு திரும்பி வந்த மொத ரெண்டு பேருக்கு அவரே வீட்டு சாவி குடுத்ததும் அதே பிப்ரவரி 11, 2004-ல.

அப்புறமா அந்த புல்வெளி, கடைசிலதான் போ-காப். கலர் கலரா வீடு, எல்லாருக்கும் போட்டோ வேணும், எடுக்கட்டும். ஆனா அது ஏன் இடிபடாம நிக்குது? அதே குரூப் ஏரியாஸ் சட்டம் அத கேப் மலாய்னு சொல்ற இங்கத்த முஸ்லிம் மக்களுக்குன்னு ஒதுக்கிடுச்சு, மத்தவங்க காலி பண்ண வேண்டியதா போச்சு. ஒரே சட்டம், ஒரு பக்கம் புல்லு, ஒரு பக்கம் கலர் வீடு. இத சொல்லாம விட்டா டூர் கலர் வீடு பாத்த கதையா முடிஞ்சிடும். எனக்கு தெரிஞ்சு ஒரு ஸ்கூல் குரூப் ஊருக்கு போய் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதிச்சு, அடுத்த வருஷ புக்கிங் வேற ஆளுக்கு போச்சு.

பெஞ்சு செல்ஃபி

குயின் விக்டோரியா ஸ்ட்ரீட்ல கோர்ட் பில்டிங் வாசல்ல ரெண்டு பெஞ்சு, ஒண்ணு வெள்ளையருக்கு மட்டும், ஒண்ணு மத்தவங்களுக்கு மட்டும்னு எழுதிருக்கும். நினைவுக்காக பின்னாடி வச்சது அது, ஒரிஜினல்னு அளந்து விடாதீங்க. எறங்கினதும் "டேய், நீ அங்க போய் உக்காருடா"ன்னு கிண்டல் ஆரம்பிக்கும். ரெண்டு நிமிஷம் விட்டுட்டு அந்த கதவ காட்டுங்க, 1960-கள்ல உள்ள ஒரு ரூம்லதான் என் இனத்த தப்பா பதிஞ்சுட்டீங்கன்னு ஜனங்க அப்பீலுக்கு வந்து நின்னாங்க. முடிக்குள்ள பென்சில சொருகி விழுதா நிக்குதான்னு பாத்து இனம் முடிவு பண்ண காலம், ஒரே வீட்ல அண்ணன் வெள்ளை தங்கச்சி கலர்டுன்னு பதிவான குடும்பமெல்லாம் இருக்கு.

டவுன்ஷிப்ல பஸ்ஸ நிறுத்தி குடிசைய போட்டோ எடுக்கறது

கூடாது. டவுன்ஷிப்னா கறுப்பின மக்களுக்குன்னு ஊருக்கு வெளிய ஒதுக்கின குடியிருப்பு; லங்கான்னு இங்க இருக்கற ஒரு டவுன்ஷிப்ல அந்த ஏரியாக்காரங்களே நடத்தற வாக்கிங் டூர் இருக்கு, எறங்கி நடங்க, இல்ல போகவே வேண்டாம்.

"நம்ம ஊர்ல இல்லாததா சார்?"

யாராவது ஜாதிய இழுப்பாங்க, இன்னொருத்தர் கோவப்படுவாரு. வாய அடைக்காதீங்க. நைட் சாப்பாட்டுல பேசலாம்னு சொல்லுங்க, சொன்னா பேசணும்.

ராபன் தீவ கடைசி நாள்ல வைக்கிறது

மண்டேலா 27 வருஷ ஜெயில்ல 18 வருஷம் இருந்த இடம், எல்லாருக்கும் பாக்கணும். காத்து அடிச்சா ஃபெர்ரி கேன்சல். சாயங்காலம் ஃபிளைட்ட வச்சுட்டு காலைல தீவுன்னு ப்ளான் போட்டா என்ன பண்ணுவீங்க? வந்த மறுநாளே போட்டுருங்க, தள்ளிப் போனாலும் பின்னாடி நாள் இருக்கும். டிக்கெட்டும் கௌன்டர்ல போய் வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க, டிசம்பர்ல கிடைக்காது.