உங்கள் தெருவின் வரலாற்றை எழுதுவது எப்படி? காரைக்குடி அனுபவம்

கம்பன் கழகம் 1939இல் தொடங்கியதும், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டியதும் காரைக்குடியில் பலருக்குத் தெரியும். குடியிருக்கும் தெருவைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. எங்கள் தெருவின் கதையைத் திரட்டிப் பலகையாக வைத்தோம். நீங்களும் செய்யலாம்.

1. ஒரே ஒரு தெருவை எடுங்கள். ஊர் முழுவதும் வேண்டாம்.

2. ஆச்சிகளிடம் பேசுங்கள். கையில் நோட்டுப் புத்தகம் போதும். செல்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினால் பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது.

3. நிலைக்கதவுக்கு மேலே, தூண்களில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மங்கிய எழுத்தில் எண்ணெயோ சுண்ணாம்போ தடவாதீர்கள். மாலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழுந்து நிற்கும்.

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒரு வீட்டில் ‘விபவ வருஷம் தை மாதம்’ என்றிருந்ததை 1868 என்று எழுதிவிட்டேன். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். விபவ 1928இலும் வந்தது. சித்திரையில் பிறக்கும் ஆண்டுக்குத் தை பிற்பகுதி என்பதால், ஆங்கிலக் கணக்கில் 1869 அல்லது 1929. எது சரி?

தெருக்கோடி ஓட்டு வீட்டு அம்மா தீர்த்துவைத்தார். அவருடைய மாமனார் கொத்தனார். பதினைந்து வயதில், எழுத்து இருந்த அந்த வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூடை கூடையாக முட்டை சுமந்தவராம். 1955இல் மருமகளாக வந்தபோது மாமனாருக்கு ஐம்பதுகூட நிரம்பவில்லை. ஆகவே 1929.

4. வீடு கட்டியவரின் பெயரோடு வேலை செய்தவரின் பெயரையும் எழுதுங்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பூச்சும் தச்சும் இங்குள்ள கைகளின் வேலை. ஆத்தங்குடித் தரைக்கல் பதிப்பவர், நேற்றுக் குடிவந்த வாடகைக்காரர் என எல்லோருக்கும் ஒரு வரி இருந்தால்தான் அது தெருவின் பலகை. கொத்தனாரின் பெயரை எழுதிய மறுநாள் அந்த அம்மா பேரனை அழைத்து வந்து விரல் வைத்துப் படிக்கச் சொன்னார்.

5. ஃபிளெக்ஸ் வேண்டாம், எங்கள் ஊர் வெயிலில் வெளுத்துவிடும். தகரப் பலகையில் பெயின்டால் கையெழுத்தாக எழுதுங்கள். தப்பைத் திருத்தவும் வசதி.

பின்சேர்க்கை: பூட்டிக் கிடக்கும் வீடுகளை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். ஒருவர் சம்மதித்தால் போதாது. அந்தச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். நாங்கள் மாநகராட்சியில் அனுமதி வாங்கி ஊருணிப் படித்துறை அருகே வைத்தோம்.