யோசேப்பின் சட்டையைப் பின்தொடர்வோம்: வேதங்களை ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்குவோருக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம்; முன்பு ஜாலான் யஹூதி எனப்பட்ட ஜாலான் சைனல் ஆபிதீனில் யூதர்களின் கல்லறைத் தோட்டமும் உண்டு. இம்மூன்று சமயத்தாருக்கும் பொதுவான யோசேப்பின் கதையை முதன்முறை ஒப்பிட்டுப் படிப்பவர்கள், அவர் அணிந்த உடையை மட்டும் பின்தொடர்ந்தால் வழி தவறாது.

முதலில், கிறிஸ்தவ வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 37 முதல் 50 வரையிலான அதிகாரங்களையும், குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். யூதர்களின் வேதமான தோராவின் முதல் நூலும் ஆதியாகமமே என்பதால் மூன்றாவது புத்தகம் தேவையில்லை. யூதா, தாமார் பற்றிய 38ஆம் அதிகாரத்தை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். குர்ஆனில் யோசேப்பின் பெயர் யூசுஃப், அவர் தந்தை யாக்கோபின் பெயர் யஃகூப்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி பிரித்து, உடை வரும் இடங்களை எதிரெதிரே குறியுங்கள். முதல் இடத்தில் இரு நூல்களும் நெருங்கி நிற்கின்றன: சகோதரர்கள் இரத்தம் தோய்ந்த உடையைத் தந்தையிடம் காட்டுகிறார்கள். தமிழ் வேதாகமத்தின் ‘பலவருண அங்கி’ பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியில் வந்த பொருள். எபிரேயச் சொல் நீண்ட கையுள்ள அங்கியையும் குறிக்கலாம்.

இரண்டாம் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். ஆதியாகமம் 39இல், யோசேப்பு அடிமையாக இருந்த வீட்டு எஜமானின் மனைவி கையில் சிக்கிய வஸ்திரம் அவருக்கு எதிரான பொய்ச் சாட்சியாகிறது. குர்ஆனிலோ (12:25-28) சட்டை பின்புறம் கிழிந்திருப்பதே அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாகிறது. உண்மை தெரிந்த பிறகும் அவரைச் சிறையில் அடைக்கிறார்கள் (12:35) என்பதுதான் என்னை மிகவும் உலுக்கிய இடம்.

கடைசியாக, முடிவுக்கு வாருங்கள். ஆதியாகமம் 45இல் யோசேப்பு சகோதரர்களுக்கு மாற்று வஸ்திரங்களைக் கொடுத்து, தம்பி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து தருகிறார். குர்ஆனில் (12:93-96) அவர் அனுப்பிய சட்டை முகத்தில் பட்டதும் யஃகூபுக்குப் பார்வை திரும்புகிறது.

ஓர் எச்சரிக்கை: அந்த எஜமானின் மனைவியின் பெயர் சுலைகா என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டு வேதங்களிலுமே அவளுக்குப் பெயரில்லை. ஆகவே அதைப் பத்திகளுக்குள் எழுதாமல் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.